அழித்த கோப்பும் ஒழியாத இடமும்

இக்காலத்துக் கல்லூரி மாணவருள் கணிப்பொறியைக் கையாளாதார் அரியர். எழுதிய கட்டுரை ஒன்று வேண்டாததாயின், விசை ஒன்றை அழுத்தி அதனை அழித்துவிடுகின்றோம். அழித்த அளவிலே இத்துணை இடம் மீந்துள்ளது என்று கணிப்பொறியும் நமக்கு அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு மெய்யோ என்று ஆராயப் புகுவோமாயின், அது பாதி மெய்யே என்பது புலனாகும். கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் இயங்குதளத்தின் கணக்கில் அவ்விடம் ஒழிந்ததாயினும், செய்தியை உள்ளபடி தாங்கி நிற்கும் வட்டின் கணக்கில் அஃது இன்னும் நிறைந்த இடமாகவே இருத்தல் கூடும்.

இவ்விரு கணக்கையும் ஒன்றுபடுத்துதல் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். சிறு பொருள்போல் தோன்றினும் இதனால் விளையும் நன்மை தீமைகள் சிறியன அல்ல. மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்பும், வங்கிகளின் பேரேடும், பல்கலைக்கழகங்களின் தேர்வுப் பதிவும் இன்று பல வட்டுகளை ஒருங்கு சேர்த்து அமைத்த சேமிப்பு அணிகளிலேயே காக்கப்படுகின்றன. ஒழிந்த இடத்தை அறிவியாதுவிடின் அவ்வணிகள் வீணே நிரம்பித் தம் பணியை நிறுத்தும். தவறாக அறிவிப்பின், வாழ்கின்ற பதிவுகளே மாண்டொழியும். ஆதலின் இதனை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நம்மனோர்க்குப் பயன் தருவதாம்.

பதிவேடும் பண்டசாலையும்

வட்டு என்பது எண்ணிறந்த சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. கட்டம் ஒவ்வொன்றும் 512 பைட்டேனும் 4,096 பைட்டேனும் கொள்ளும். ஒவ்வொன்றற்கும் ஓர் எண் உண்டு. வட்டானது அறிந்த தொழில் இரண்டே: 'இன்ன எண்ணுள்ள கட்டத்தில் இதனை எழுதுக', 'இன்ன எண்ணுள்ள கட்டத்தில் உள்ளதைப் படித்துத் தருக' என்னும் ஏவல்களை நிறைவேற்றுதல். எந்தக் கட்டம் எந்தக் கோப்பைச் சார்ந்தது, எது பயனில் உள்ளது, எது வெறிது என்பவற்றை அது சிறிதும் அறியாது. அவ்வறிவு முழுதும் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகிய கோப்பு முறைமையிடத்தே உள்ளது. அது பதிவேடு ஒன்றை வைத்துக்கொண்டு, கோப்பின் பெயரையும், அக்கோப்பு அமர்ந்த கட்டங்களின் எண்களையும், ஒழிந்த கட்டங்களின் கணக்கையும் எழுதிவருகின்றது.

கோப்பொன்றை அழிக்குமாறு நாம் பணித்தால், கோப்பு முறைமை தன் பதிவேட்டை மட்டுமே திருத்துகின்றது. பெயரை நீக்கி, அக்கட்டங்களை ஒழிந்தவற்றின் கணக்கிற் சேர்த்துவிடுகின்றது. கட்டங்களில் எழுதப்பட்ட செய்தியோ முன்போலவே கிடக்கின்றது. ஒரு நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஒரு நூலின் பெயரைக் கிழித்தெறிந்துவிட்டு, நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பது போன்றது இது. அலமாரியைக் காப்பவனுக்கு அட்டவணை படிக்கத் தெரியாதெனின், அந்நூல் வேண்டாதது என்பதை அவன் யாங்ஙனம் அறிவான்? அதனையும் தூசி தட்டிப் பேணியே வருவான்.

பல்லாண்டுகளாக இதனால் யாதொரு குறையும் நேரவில்லை. ஐபிஎம் கம்பெனியார் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் காந்த வட்டுப்பொறி ஐம்பது இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. அது முதலாக வந்த காந்த வட்டுகளிலெல்லாம் பழைய எழுத்தின்மேலேயே புதிய எழுத்தை எழுதிவிடலாம். வெறுங்கட்டத்தில் எழுதுவதற்கும் நிறைந்த கட்டத்தின்மேல் எழுதுவதற்கும் வேறுபாடு இல்லாமையால், 'இக்கட்டம் இனி எனக்கு வேண்டா' என்று வட்டிற்கு உணர்த்தும் சொல்லொன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

நிலைமை மாறியவாறு

இத்தேவையை எழுப்பியன இரண்டு மாறுதல்கள். ஒன்று, மின்னியல் நினைவகத்தால் ஆகிய எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம். ஜப்பான் நாட்டுத் தோஷிபா கம்பெனியில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்பார் ஃபிளாஷ் என்னும் இந்நினைவகத்தை 1984-ஆம் ஆண்டிலும், அதன் நாண்டு என்னும் வகையை 1987-ஆம் ஆண்டிலும் அறிஞர்முன் வெளிப்படுத்தினார். இதன் இயல்பு காந்தவட்டின் இயல்பிற்கு மாறானது. எழுதுவது பக்கம் பக்கமாக நிகழும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கிலோபைட்டு அளவினது. ஆனால் எழுதிய பக்கத்தின்மேல் மீண்டும் எழுதுதல் இயலாது. முதலில் அதனைத் துடைத்தல் வேண்டும். துடைத்தலோ தனிப் பக்கத்திற்கு நிகழாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதி முழுவதற்கும் ஒருங்கே நிகழும். சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் துடைக்க இயலாது, பலகை முழுவதையும் கழுவியே ஆகவேண்டும் என்று வைத்துக்கொண்டால் இதன் இடர்ப்பாடு விளங்கும். மேலும், ஒரு தொகுதியை எத்துணை முறை துடைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அது வகைக்கேற்பச் சில நூறு முதல் நூறாயிரம் முறை வரை வேறுபடும்.

ஆதலின் எஸ்எஸ்டியின் உள்ளே அமைந்த சிறு கணிப்பொறி, தொகுதியைத் துடைக்குமுன் அதில் வேண்டிய பக்கங்களை வேறிடத்திற்குப் பெயர்த்து எழுதிக்கொள்கின்றது. எவை வேண்டியவை, எவை வேண்டாதவை என்று அது அறியாதாயின், நாம் என்றோ அழித்த கோப்புகளின் பக்கங்களையும் விலையுடைப் பொருளெனக் கருதி மீண்டும் மீண்டும் சுமந்து பெயர்த்துக்கொண்டே இருக்கும். இதனால் வேகம் குறையும். நினைவகத்தின் ஆயுளும் தேயும்.

இரண்டாவது மாறுதல், சேமிப்பு அணிகளில் 2000-ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பரவிய மெல்லிய ஒதுக்கீடு என்னும் முறை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு கல்லூரியின் பத்துத் துறைகள் ஒவ்வொன்றும் 2 டெராபைட்டு இடம் வேண்டுமென்று கேட்கின்றன எனக் கொள்வோம். கேட்டவாறே கொடுப்பின் 20 டெராபைட்டு வட்டுகள் வாங்கவேண்டும். ஆனால் எத்துறையும் தான் கேட்டதை உடனே நிரப்பிவிடுவதில்லை. ஆகவே அணியானது, 'உமக்கு 2 டெராபைட்டு உண்டு' என்று ஒவ்வொரு துறைக்கும் வாக்களித்துவிட்டு, உண்மையில் 8 டெராபைட்டு இடத்தை மட்டும் பொதுக் குளமாக வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதும்பொழுது எழுதும் அளவிற்கே அதிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றது. எல்லாரும் ஒரே நாளில் கேட்கமாட்டார் என்னும் நம்பிக்கையின்மேல் வங்கிகள் நடைபெறுவது போலவே இதுவும் நடைபெறுகின்றது.

இம்முறையில் குளத்து நீர் இறங்குவதற்கு வழி எழுதுதலே, ஏறுவதற்கு வழி? ஒரு துறையினர் தம் கோப்புகளிற் பாதியை அழித்துவிட்டாலும், அணி அதனை அறியாது. அவர்கள் பின்னர்ப் புதிய கோப்புகளை எழுதுங்கால், கோப்பு முறைமை இதுவரை தொடாத கட்டங்களை நாடிச் செல்லின், அணி மேலும் புதிய இடத்தைக் குளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். இங்ஙனம் ஏறாது இறங்கியே வரும் குளம் ஒருநாள் வற்றும். வற்றிய அன்று, தம் கணக்கின்படி இடம் மிகுதியாக உள்ள துறையினருங்கூட ஒரு வரியேனும் எழுத இயலாது திகைப்பர்.

கைவிடல் கட்டளைகளின் வரலாறு

இக்குறையை நீக்குதற்கு இயங்குதளமும் சேமிப்பகமும் தம்முள் பேசிக்கொள்ளும் மொழியில் ஒரு புதுச்சொல் சேர்க்கப்பட்டது. 'இன்ன எண் முதல் இன்ன எண் வரை உள்ள கட்டங்களை நான் கைவிட்டேன். அவற்றிலுள்ள செய்தியை நீ காக்கவேண்டுவதில்லை' என்பதே அச்சொல்லின் பொருள். வட்டுகள் பேசும் மொழி ஒன்றன்று ஆகையால் சொல்லும் மொழிதோறும் வேறுபட்டது. தனிக் கணிப்பொறிகளில் வழங்கும் ஏடிஏ மொழியில் அது டிரிம் எனவும், பெருஞ் சேமிப்பு அணிகளில் வழங்கும் ஸ்கசி மொழியில் அன்மாப் எனவும், 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த என்விஎம்ஈ மொழியில் டீஅலோகேட் எனவும் பெயர்பெறும். பெயர் மூன்றாயினும் கருத்து ஒன்றே.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில், கைவிடலுக்குரிய பொது அமைப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6.28 என்னும் பதிப்பிலே இடம்பெற்றது. டிரிம் கட்டளையை உண்மையாகவே வட்டிற்கு அனுப்பும் ஆற்றல் 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 2.6.33 பதிப்பில் அமைந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7, 2009-ஆம் ஆண்டில் டிரிம் கட்டளையை மேற்கொண்டது. மெல்லிய ஒதுக்கீடுடைய அணிகளுக்கு அன்மாப் அனுப்பும் வழக்கத்தை 2012-ஆம் ஆண்டின் விண்டோஸ் சர்வர் ஏற்றுக்கொண்டது.

கட்டளையை அனுப்புமுன், எதிரில் உள்ள சேமிப்பகம் அதனை ஏற்குமா, ஒருமுறையில் எத்துணைக் கட்டங்களைக் கைவிடலாம், எந்த அளவிற்குக் குறையாமற் கைவிடல் வேண்டும் என்பவற்றை இயங்குதளம் வினவி அறிந்துகொள்கின்றது. சேமிப்பகம் தன் இயல்பைக் குறிக்கும் பட்டியலை விடையாகத் தருகின்றது.

படி பலவற்றைக் கடத்தல்

கோப்பு முறைமைக்கும் அணிக்கும் இடையே வேறொருவரும் இல்லையாயின் காரியம் எளிது. இக்காலத்துப் பெருங் கணிப்பொறி நிலையங்களிலோ இடையே நிற்போர் பலர். ஒரே பொறியினுள் பல மெய்நிகர்க் கணிப்பொறிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றன் வட்டு என நாம் காண்பது, அதனைத் தாங்கும் பொறியின் கோப்பு முறைமையிலே உள்ள ஒரு பெருங்கோப்பே. அக்கோப்பின் கீழே செய்தியை மறைபொருளாக்கும் படி ஒன்று இருக்கலாம். அதன்கீழே பல வட்டுகளை இணைக்கும் படி ஒன்று இருக்கலாம். அதற்கும் கீழேதான் சேமிப்பு அணி.

மெய்நிகர்க் கணிப்பொறியில் ஒருவர் கோப்பை அழித்தால், 'கைவிட்டேன்' என்னும் சொல் இப்படிகள் அனைத்தையும் கடந்து இறங்கவேண்டும். ஒவ்வொரு படியும் மேலிருந்து வந்த கட்ட எண்களைத் தன் கணக்கின்படி வேறு எண்களாக மாற்றிக் கீழே அனுப்புகின்றது. பெருங்கோப்பாக உள்ள வட்டில், கைவிடல் என்பது அக்கோப்பின் நடுவே துளையிடுதலாக மாறுகின்றது. கோப்பின் நீளம் குறையாமலே அதன் நடுப்பகுதிக்குரிய கட்டங்களை விடுவிக்கும் இவ்வாற்றல் 2011-ஆம் ஆண்டில் லினக்ஸில் அமைந்தது. இப்படிகளுள் ஒன்றேனும் வாய்மூடி நிற்பின், அதற்கு மேலுள்ளார் எத்துணை உரக்கக் கூறினும் அணியின் செவியில் ஏறாது. இடம் ஏன் மீளவில்லை என்று நிலையக் காப்பாளர் மயங்கும்பொழுதெல்லாம், முதலில் ஆராயற்பாலது எப்படியிற் சொல் தடையுண்டது என்பதே.

மறைபொருளாக்கும் படி வேண்டுமென்றே வாய்மூடி நிற்பதும் உண்டு. எந்தக் கட்டங்கள் ஒழிந்தவை, எவை நிறைந்தவை என்பது பிறர்க்குப் புலப்படின், செய்தியைப் படிக்க இயலாதார்க்கும் உள்ளே எவ்வளவு உள்ளது, எவ்வகைக் கோப்பு முறைமை உள்ளது என்பன ஒருவாறு வெளியாகும். ஆகையால் லினக்ஸில் அப்படி கைவிடற் கட்டளைகளைத் தானாகக் கீழே அனுப்புவதில்லை. உரிமையாளர் வெளிப்படையாக இசைந்தால் மட்டும் அனுப்பும் விருப்பு 2011-ஆம் ஆண்டில் அதற்குச் சேர்க்கப்பட்டது.

அறிவித்தற்குரிய காலம்

அழித்த அக்கணமே அறிவிப்பதா, பலவற்றைச் சேர்த்துப் பின்னர் அறிவிப்பதா என்பது அடுத்த வினா.

உடனே அறிவிப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கோப்பு முறைமை தன் பதிவேட்டைத் திருத்துமுன் செய்யப்போகும் திருத்தங்களை நாட்குறிப்பு ஒன்றில் எழுதி முடித்துக்கொள்கின்றது. அந்நாட்குறிப்பு முற்றுப்பெறுமுன் கட்டங்களைக் கைவிட்டுவிட, உடனே மின்சாரம் நின்றுபோயின் என்னாகும்? பொறி மீண்டும் எழும்பொழுது பதிவேட்டிற் கோப்பு அழியாதிருக்கும். கட்டங்களிலோ செய்தி இராது. பெயர் உண்டு, பொருள் இல்லை என்னும் நிலை நேரும். இதனைத் தவிர்த்தற்பொருட்டே லினக்ஸின் எக்ஸ்ட் 4 என்னும் கோப்பு முறைமை, நாட்குறிப்பில் அழிப்பு உறுதிப்பட்ட பின்னரே கைவிடற் கட்டளையை அனுப்புகின்றது.

உடனுக்குடன் அறிவித்தலால் வேறோர் இடரும் உண்டு. முதலில் அமைந்த டிரிம் கட்டளை, வரிசையில் நிற்கும் ஏனைய எழுத்து வாசிப்புகளோடு சேர்ந்து நில்லாது. அவை எல்லாம் முடிந்தபின் தனியே நடந்து, அது முடிந்த பின்னரே மற்றவை தொடங்கவேண்டும். சிறுசிறு கோப்புகள் பல அழியும்பொழுது இத்தடை பெரிதாம். வரிசையில் நிற்கவல்ல டிரிம் 2011-ஆம் ஆண்டின் சாட்டா 3.1 விதிகளிலேதான் இடம்பெற்றது.

சேமிப்பு அணிகளிலும் இவ்விடர் காணப்பட்டது. மெய்நிகர்க் கணிப்பொறிகளை நடத்தும் விஎம்வேர் கம்பெனியார் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வீஸ்பியர் 5.0, மெய்நிகர் வட்டு அழிந்த அளவிலே அன்மாப் கட்டளையைத் தானே அனுப்பியது. சில அணிகள் அக்கட்டளையை நிறைவேற்ற நெடுநேரம் கொண்டமையால் ஏனைய பணிகள் தடைப்பட்டன. கம்பெனியார் அத்தானியங்கு முறையை நிறுத்தி, காப்பாளர் வேண்டும்பொழுது தாமே நடத்தும் கட்டளையாக அதனை மாற்றினர். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த 6.5 பதிப்பிலே, மற்றப் பணிகளுக்கு இடையூறின்றிப் பின்புலத்தில் மெல்ல நடக்குமாறு மீண்டும் அதனைத் தானியங்கச் செய்தனர். அறிவித்தல் நன்றே, ஆயினும் கேட்பவரின் ஆற்றலறிந்து அறிவித்தல் வேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

சேர்த்து அறிவிக்கும் முறையில் எஃப்ஸ்டிரிம் என்னும் கருவி, கோப்பு முறைமையின் ஒழிந்த இடங்களை எல்லாம் ஒருமுறை கணக்கிட்டுக் கீழே அறிவிக்கின்றது. இதற்கு வேண்டிய அமைப்பு 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.37 பதிப்பிற் சேர்ந்தது. அறிவித்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பிறிதொரு கோப்பு அந்நேரத்திற் கைக்கொண்டுவிடாதவாறு, எக்ஸ்ட் 4 அதனைச் சிறிது நேரம் பயனில் உள்ளதுபோற் குறித்துவைத்துப் பின்னர் விடுவிக்கின்றது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை 2014-ஆம் ஆண்டு முதல் இதனை வாரந்தோறும் நடத்திவருகின்றது. விண்டோஸும் வட்டுச் செப்பனிடும் வாரப்பணியில் இவ்வாறே ஒழிந்த இடங்களை மீண்டும் அறிவிக்கின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, அழிந்தவற்றைச் சிறிது நேரம் சேர்த்துவைத்து ஓய்வுற்றபொழுது அறிவிக்கும் முறையை 2020-ஆம் ஆண்டிற் பெற்றது; 2023-ஆம் ஆண்டு முதல் தக்க எஸ்எஸ்டிகளில் அதனையே இயல்பான வழக்கமாக்கியது.

அளவும் எல்லையும்

கைவிட்டேன் என்று கூறிய இடமெல்லாம் மீளும் என்று எண்ணுதல் பிழையாம். அணியானது குளத்திலிருந்து இடத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கின்றது. துண்டின் அளவு அணிதோறும் வேறுபடும். 3பார் அணிகளில் அது 16 கிலோபைட்டு. இஎம்சி கம்பெனியாரின் விமாக்ஸ் அணிகளில் 768 கிலோபைட்டு. ஹிட்டாச்சி அணிகளின் இவ்வகை ஒதுக்கீட்டில் 42 மெகாபைட்டு. ஒரு துண்டினுள் அடங்கிய கட்டங்கள் அனைத்தும் ஒழிந்தாலன்றி அத்துண்டு குளத்திற்குத் திரும்பாது. 42 மெகாபைட்டில் 41 மெகாபைட்டு ஒழிந்து, ஒரு மெகாபைட்டுக் கோப்பு ஒன்று நடுவே எஞ்சியிருப்பின், அதன்பொருட்டுத் துண்டு முழுவதும் நிற்கும். விருந்தினர் பலர் போயினும் ஒருவர் எஞ்சியிருக்கும்வரை அறையைப் பூட்டலாகாது அன்றோ?

துண்டின் எல்லையும் கோப்பு முறைமையின் எல்லையும் ஒத்திராவிடினும் இவ்விழப்பு மிகும். ஆதலின் வட்டைப் பகுக்கும்பொழுதே எல்லைகளை ஒத்தமையச் செய்தல் நன்று. அன்றியும், அணியில் முன்னொருநாளின் நிலையைப் படியெடுத்து வைத்திருப்பின், இன்று கைவிட்ட இடத்தை அப்படி பற்றிக்கொண்டிருக்கும். அப்படி நீங்குங்காறும் இடம் மீளாது.

பிழை நேரின் விளையும் கேடு

எழுதுதலிற் பிழை நேரின் ஒரு செய்தி கெடும். கைவிடலிற் பிழை நேரினோ ஒரு சிறு கட்டளையால் மிகப் பரந்த இடம் ஒருங்கே அழிந்துபோதல் கூடும். கைவிட்ட கட்டத்தை மீண்டும் படித்தால் என்ன வரும் என்பதிலும் வட்டுகள் ஒத்த இயல்பின அல்ல. சில பூச்சியங்களையே தரும். சில ஒருமுறை எதனைத் தந்தனவோ அதனையே எப்பொழுதும் தரும். சில ஒருமுறை ஒன்றும் மறுமுறை வேறொன்றும் தரலாம்.

இவ்வேறுபாடு ரெய்டு என்னும் அமைப்பில் பெருந்தீங்கு விளைத்தல் கூடும். ரெய்டு என்பது, வட்டொன்று பழுதுற்றாலும் செய்தி அழியாதவாறு பல வட்டுகளை இணைக்கும் முறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் அது புகழ்பெற்றது. அதன் ஐந்தாம் வகையில், செய்தி வட்டுகளின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றையோ இரட்டையோ என்னும் குறிப்பைச் சரிகாண் இலக்கமாக எழுதிவைப்பர். ஒற்றையாயின் 1, இரட்டையாயின் 0.

ஒரு சிறு கணக்கால் இதனைக் காண்போம். அ, ஆ, இ என்னும் மூன்று செய்திக் கட்டங்களும், சரிகாண் கட்டம் ஒன்றும் கைவிடப்பட்டன. பின்னர்ப் படிக்கும்பொழுது முதல் மூன்றும் 0 எனக் காட்ட, சரிகாண் கட்டம் மட்டும் பழைய 1-ஐக் காட்டியது. இது பொருந்தாக் கணக்கு. ஆயினும் ஒருவரும் அறியார். இப்பொழுது அ-வில் 1 எழுதுகின்றோம். அ-வின் இலக்கம் மாறியதால் சரிகாண் இலக்கத்தையும் மாற்றவேண்டுமென்று கொண்டு, ரெய்டு அதிலுள்ள 1-ஐ 0 ஆக்கிவிடுகின்றது. மறுநாள் அ இருந்த வட்டு பழுதுறுகின்றது. எஞ்சிய ஆ, இ, சரிகாண் கட்டம் மூன்றும் 0 ஆகையால், அ-வும் 0 என்றே ரெய்டு கணித்துத் தருகின்றது. நாம் எழுதியதோ 1. காத்தற்கென்று அமைந்த முறையே பொய்யுரை பகர்ந்துவிட்டது. இவ்வச்சத்தினாலேயே 2014-ஆம் ஆண்டில் வந்த லினக்ஸ் 3.17 பதிப்பு, வட்டுகள் கைவிட்ட இடத்தில் பூச்சியமே தரும் என்று காப்பாளர் தாமே உறுதி கூறினாலன்றி, இவ்வகை ரெய்டில் கைவிடலை மேற்கொள்வதில்லை என்று விதித்தது.

2015-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இணையத் தேடற் பணி புரியும் ஒரு கம்பெனியாரின் பொறிகளில், கோப்புகளின் நடுப்பகுதிகள் காரணமின்றிப் பூச்சியங்களாக மாறிக் கிடந்தன. டிரிம் கட்டளையைத் தவறாக நடத்தினவென்று வட்டுகளின்மேலேயே முதலில் ஐயம் எழுந்தது. வட்டுகளைச் செய்த கம்பெனியின் பொறியியலார் ஆராய்ந்தபொழுது, பிழை வட்டில் இல்லை, லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளது என்பது வெளியாயிற்று. பல வட்டுகளின்மேற் பரந்த ஒரு கைவிடற் கட்டளையை ரெய்டு அமைப்பு இரண்டாகப் பிளக்கும்பொழுது, அவ்விரண்டும் ஒரே குறிப்பேட்டைப் பொதுவாகக் கொண்டிருந்தன. எழுதுதல் படித்தல்களில் அக்குறிப்பேடு மாறுவதில்லையாகையால் தீங்கில்லை. கைவிடலிலோ, கட்டங்களின் எண்களை அதன் வழியாகவே எழுதி அனுப்பவேண்டும். இரண்டு தூதர்க்கு ஒரே ஓலையைக் கொடுத்து, ஒருவர்க்காக எழுதியதன்மேல் மற்றவர்க்காக எழுதினாற்போல, ஒரு கட்டளைக்குரிய எண்கள் பிறிதொன்றில் புகுந்தன. கைவிடாத இடங்கள் கைவிடப்பட்டன. தூதர் ஒவ்வொருவர்க்கும் தனி ஓலை அளிக்கும் திருத்தம் அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே செய்யப்பட்டது. பிறர்மேல் எழுந்த ஐயம் தம்மேல் நிலைத்தபொழுது, லினக்ஸைக் காப்போர் அதனை மறையாது ஒப்பித் திருத்தியது பாராட்டற்பாலது.

நாம் கருதற்பாலன

இதுகாறும் கூறியவற்றான் நாம் கொள்ளத்தக்கன சில உள. அழித்த கோப்பைப் பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என்னும் பழைய நம்பிக்கை காந்தவட்டுக் காலத்தது. பதிவேட்டிற் பெயர் நீங்கினும் கட்டத்திற் செய்தி கிடந்தமையால் அன்று மீட்டல் பெரும்பாலும் இயன்றது. இன்று கைவிடற் கட்டளை சென்றபின் எஸ்எஸ்டியிலிருந்து அதனை மீட்டல் பெரும்பாலும் இயலாது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்து, தம் எழுத்தின் படியொன்றை வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். ரெய்டு அமைப்பு வட்டின் பழுதினின்று காக்குமேயன்றி, நாமே அழித்ததினின்றும் தவறான கட்டளையினின்றும் காவாது. வேறிடத்து வைத்த படி ஒன்றே உண்மைக் காப்பு.

மற்று, கைவிடல் என்பது மறைவை உறுதிசெய்யும் அழிப்பும் அன்று. காக்கவேண்டுவதில்லை என்று கூறினோமே ஒழிய, உடனே துடைத்தெறிக என்று கூறினோமில்லை. மறைவான பதிவுகள் இருந்த வட்டைப் பிறர்க்குக் கொடுக்குமுன், முழுவதையும் துடைத்தற்கென வட்டிலேயே அமைந்த தனிக் கட்டளையைப் பயன்படுத்தல் வேண்டும்.

சேமிப்பு அணிகளைக் காக்கும் பணியை மேற்கொள்ளப்போகும் மாணவர், குளத்தின் நீர்மட்டத்தை நாள்தோறும் நோக்குக. நீர் குறிப்பிட்ட எல்லைக்கு இறங்கியவுடன் எச்சரிக்கும் அமைப்பு ஸ்கசி விதிகளிலேயே உண்டு, அதனைச் செயற்படுத்துக. மேற்படி முதல் கீழ்ப்படி வரை கைவிடற் சொல் தடையின்றிச் செல்லுகின்றதா என்று, சிறு கோப்பொன்றை எழுதி அழித்துச் சோதித்துப் பார்க்க. புதிய பதிப்பொன்றை மேற்கொள்ளுமுன் அதனைப் பொருட்படுத்தத்தகாத வட்டில் முதலில் நடத்திக் காண்க.

பயனில் உள்ளது எது, இல்லாதது எது என்பதை அறிந்தவர் ஒருவர். இடத்தைக் காத்து நிற்பவர் மற்றொருவர். அறிந்தவர் கூறாதிருப்பின் காப்பவர் வீண்சுமையைச் சுமப்பர்; ஆராயாது கூறின் வேண்டிய பொருளையே இழப்பர். காலமும் அளவும் அறிந்து, உறுதிப்பட்ட பின்னரே, இடைநிற்பார் அனைவர் வழியாகவும் பிழையின்றிச் சொல்லுதலே இவ்விருவர் கணக்கையும் ஒன்றுபடுத்தும் வழி. நூற்றுக்கணக்கான பொறியியலார் பல நாடுகளில் இருந்துகொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவ்வொரு சொல்லைச் செவ்விதாகச் சொல்ல முயன்று வருகின்றனர். அம்முயற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. நம் மாணவருள்ளும் சிலர் அதில் பங்குகொள்ளும் நாள் வருமாக.